வழுதியார் பக்கத்தில் ஒரு வாக்கியம்

செத்துப்போன ஒருவரைத் திருத்துகிற வேலை கலாவல்லிக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் போனால் பின்னால் வருகிறது உங்களுக்குக் குழம்பும். நீங்கள் குழம்பி முழிப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது.

கலாவல்லி பெரியாஸ்பத்திரியில் மருந்தாளுநர். ஐம்பத்தாறு வயது. காலை எட்டிலிருந்து இரண்டு வரை சன்னலுக்கு உள்ளே நின்று மாத்திரை கொடுப்பாள். மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்து, இருக்கிற சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, திரையைத் திறந்து பொதுக்களஞ்சியத்துக்குள் போய்விடுவாள். பொதுக்களஞ்சியம் என்பது இணையத்தில் இருக்கிற கலைக்களஞ்சியம். யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம், யார் எழுதியதையும் யார் வேண்டுமானாலும் திருத்தலாம். கூலி கிடையாது. நன்றி அதைவிடக் கிடையாது. பதினான்கு வருஷமாக 'நாரைக்கால்' என்ற பெயரில் அவள் அங்கே எழுதிக்கொண்டிருந்தாள். சீட்டு இல்லாமல் மாத்திரை கொடுக்க மாட்டாள், சான்று இல்லாமல் ஒரு வரி எழுத மாட்டாள். அந்தப் பிடிவாதத்துக்காக இரண்டு இடத்திலும் திட்டு வாங்குவாள்.

அவள் பார்த்துக்கொண்ட பக்கங்களில் பெரியது சே. இளவழுதியின் பக்கம். வழுதியார் என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். இரண்டு முறை முதலமைச்சர். ஊருக்கு ஊர் நூலகம் கட்டினார். தன்னைக் கேலி செய்து படம் போட்டவரை எட்டு மாதம் உள்ளே வைத்தார். அவர் பேரைப் பிள்ளைக்கு வைத்தவர்களும் உண்டு, நாய்க்கு வைத்தவர்களும் உண்டு. இறந்து பத்தொன்பது வருஷம் ஆகியும் அவர் பக்கத்தில் நாளைக்கு நாலு சண்டை.

வெறும் பக்கமாக இருந்தவரைக்கும் அது சண்டையோடு போயிற்று. பிறகுதான் பேசும் உரு வந்தது.

இறந்தவரின் முகம், குரல், கனைப்பு, கையை ஆட்டுகிற விதம் எல்லாவற்றையும் சேர்த்து, கேட்டால் பதில் சொல்கிற மாதிரி ஓர் உருவம். முதலில் கட்சிக்காரர்களே செய்தார்கள். கட்சி இரண்டாக உடைந்திருந்த சமயம், ஆளுக்கொரு வழுதியார். ஒரு தேர்தலில் இரண்டு வழுதியாரும் ஒரே விவாத மேடையில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் "போலி, போலி" என்று ஏசிக்கொண்டார்கள். வழக்காயிற்று. நீதிபதி சலித்துப்போய்த் தீர்ப்புச் சொன்னார்: இறந்த தலைவரின் உரு எதுவானாலும், பொதுக்களஞ்சியத்தில் அவரைப் பற்றி என்ன இருக்கிறதோ அதை மட்டுமே தன் வாழ்க்கையாக அறிந்திருக்க வேண்டும்.

அன்றிலிருந்து நினைவு மண்டபத்தில் இருக்கிற வழுதியார் தினமும் விடியற்காலை ஐந்து மணிக்குத் தன் பக்கத்தை ஒருதரம் முழுக்கப் படித்துக்கொள்வார். முந்தின நாள் கலாவல்லி ஒரு வரியை எடுத்துவிட்டிருந்தால், அது அவர் வாழ்க்கையில் நடக்கவே இல்லை. ஆரம்பத்தில் இதற்குப் பயந்தே அவள் ஒவ்வொரு வரியையும் மூன்று தரம் படித்துப் பார்ப்பாள். ஆறு வருஷத்தில் பயம் போய் அலுப்பு மட்டும் மிஞ்சியது.

ஒரு செவ்வாய்க்கிழமை, வரிசை முடிகிற நேரம். அறுபத்தைந்து வயதுக்கு மேலே இருக்கும், ஒரு அம்மாள் சன்னலில் வந்து நின்றாள். கையில் ரத்தம் சுத்திகரிக்கிற வார்டின் சீட்டு. நோயாளி பெயர் ஆவுடையப்பன்.

"சீட்டு கெடக்கட்டும் தாயி. வழுதியாரு பக்கத்த எழுதுதது நீங்கதான்னு வார்டுல நர்ஸம்மா சொல்லிச்சு. நெசமா?"

"நான் மட்டும் எழுதலக்கா. நிறையப் பேரு எழுதுறோம். மாத்திரைக்கு வந்தீங்களா, இதுக்கு வந்தீங்களா?"

"ரெண்டுக்குந்தான். மாத்திரைய நாளைக்குக்கூட வாங்கிக்கிடலாம்."

அவள் பெயர் கோமு. அவள் கணவர் ஆவுடையப்பன் முப்பத்தோரு வருஷத்துக்கு முன் கருங்கால் அணையில் லஸ்கர். அதாவது மதகை ஏற்றி இறக்குகிற ஆள். அந்த ஐப்பசி மழையில் ஒருநாள் பகல் இரண்டு மணிக்கு ஏழு மதகையும் ஒரேயடியாகத் திறந்தார். நகரம் தப்பித்தது. ஆற்றங்கரையில் இரண்டு ஊர் போயிற்று. நாற்பத்து மூன்று பேர். முதலமைச்சரே தொலைபேசியில் உத்தரவு போட்டார், அதனால் திறந்தேன் என்றார் ஆவுடையப்பன். அரசாங்கம் இல்லை என்றது. விசாரணை ஆணையம் வழுதியாரைக் கூண்டில் ஏற்றி, "நீங்கள் தொலைபேசியில் பேசினீர்களா?" என்று கேட்டது. "நினைவில்லை" என்றார் அவர். அதோடு எதிர்க்கட்சிக்காரர்களுக்கு அவர் 'நினைவில்லை வழுதி' ஆனார். அடுத்த தேர்தலில் அந்தப் பெயராலேயே தோற்றார். ஆவுடையப்பனை ஆதாரம் போதாது என்று நீதிமன்றம் விட்டுவிட்டது. வேலை போனது போனதுதான்.

"கோர்ட்டு விட்டுட்டு, ஊரு விடல" என்றாள் கோமு. "முதல்ல ஊருலயும் பாதிப் பேரு எங்க பக்கந்தான். 'மேல இருந்து சொன்னான், இவன் என்ன செய்வான்'னு பேசிக்கிடுவாங்க. பத்துப் பன்னெண்டு வருசமா அதுவும் மாறிட்டு. கைபேசிகிட்ட கேட்டாலும் 'உத்தரவின்றித் திறந்தார்', பள்ளிக்கூடத்துப் புஸ்தகத்துலயும் 'உத்தரவின்றித் திறந்தார்'. கோயில் கொடைக்கு எங்க வீட்டுல வரி வாங்க மாட்டாங்க தாயி. வரி வாங்கலன்னா ஊர்க்கணக்குல நாங்க செத்துட்டோம்னு அர்த்தம்."

கலாவல்லி சீட்டைச் சன்னல் மேடையில் வைத்தாள்.

"போன மாசம் மண்டபத்துக்கு அவுகள இழுத்துட்டுப் போனேன். 'ஐயா, அணையத் தொறக்கச் சொன்னது யாரு'ன்னு நானே கேட்டேன். அப்படியே அவரு கனைப்பு. கனைச்சுட்டு, 'பணியாளர் ஒருவர் உத்தரவின்றி மதகுகளைத் திறந்தார்'னுட்டாரு. இவுக பக்கத்துல நிக்காவ. வீட்டுக்கு வந்து ரெண்டு நாளு சோறு எறங்கல."

"அக்கா, அது அவர் இல்ல. நாங்க எழுதின பக்கம்தான் அது. பக்கத்துக்கு ஒரு வாயும் தோள்ல ஒரு துண்டும் போட்டு உக்கார வெச்சிருக்காங்க."

"அப்போ நீங்க மாத்தி எழுதுனா அவரு மாத்திச் சொல்லுவாரு."

"சான்று வேணும்க்கா."

"நான் சொல்லுதேன். அவுக சொல்லுதாவ. அது சான்று இல்லியா?"

"அச்சுல வந்திருக்கணும். கண்ணால பார்த்தேன், காதால கேட்டேன்னு யாரும் எழுதக் கூடாது. அது விதி."

"பார்த்தவன் சொன்னாக் கூடாது, பார்க்காதவன் அச்சடிச்சாக் கூடுமா? நல்லாருக்கு உங்க நியாயம்!" கோமு சிரித்தே விட்டாள். பிறகு சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "டாக்டரு நாள் எண்ணச் சொல்லிட்டாரு தாயி. அந்த வாயால ஒருதரம் வேற மாதிரி கேட்டுட்டுப் போகட்டும். அவ்வளவுதான் நான் கேக்கது."

அன்றைக்கு மூன்று மணிக்குக் கலாவல்லி சாப்பிடவில்லை. வழுதியார் பக்கத்தைத் திறந்து, 'வரலாறு' என்ற இடத்துக்குப் போனாள். அந்தக் களஞ்சியத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் அப்படி ஓர் இடம் உண்டு. எந்த வரியை யார், எந்த நாளில் சேர்த்தார், எடுத்தார் என்று அழியாமல் கிடக்கும்.

'உத்தரவின்றி' என்ற வாக்கியத்துக்குச் சான்றாக இருந்தது பதினோரு வருஷத்துக்கு முந்தின ஒரு நாளிதழ்க் கட்டுரை. ஆனால் வாக்கியம் பக்கத்தில் ஏறியது பன்னிரண்டு வருஷத்துக்கு முன். அதாவது சான்றுக்கு முன்னாலேயே வாக்கியம் இருந்திருக்கிறது. அதற்கும் முந்தி என்ன இருந்தது என்று பார்த்தாள். "யாருடைய உத்தரவின் பேரில் மதகுகள் திறக்கப்பட்டன என்பதை ஆணையத்தால் நிறுவ முடியவில்லை" என்று இருந்தது. சான்று, ஆணைய அறிக்கை, பக்கம் 212.

அந்த வருஷம் வழுதியார் பக்கத்தைச் 'சிறப்புக் கட்டுரை' ஆக்குவதற்கு எல்லாரும் முயன்றார்கள். சிறப்புக் கட்டுரைக்கு ஒரு நட்சத்திரம் உண்டு. முன்னுரை நாலு பத்திக்கு மேல் போகக் கூடாது. யாரோ நீண்ட வாக்கியங்களை எல்லாம் உட்கார்ந்து வெட்டியிருக்கிறார்கள். யாருடைய உத்தரவு என்று தெரியவில்லை என்பதை வெட்டினால் என்ன வரும்? 'உத்தரவின்றி' என்று வந்துவிட்டது. வெட்டியவர் அதற்கு ஒரு குறிப்பும் எழுதியிருந்தார்: "நடையை இறுக்கினேன்."

வெட்டியவர் பெயர், நாரைக்கால்.

ஒரு வருஷம் கழித்து வெள்ளத்தின் நினைவு நாளுக்கு ஒரு நாளிதழ் அந்த வாக்கியத்தை அப்படியே எடுத்துப் போட்டது. இன்னும் ஆறு மாதம் கழித்து ஒரு புண்ணியவான், இந்த வரிக்கு நேரான சான்று இல்லையே என்று கவலைப்பட்டு, அந்த நாளிதழையே சான்றாக வைத்தார். டாக்டர் எழுதாத மருந்தை இவள் தவறிக் கொடுத்துவிட, அந்த அட்டையைப் பார்த்தே டாக்டர் சீட்டு எழுதினது போல. அப்புறம் பாடப் புத்தகம், கைபேசி, மண்டபம், கோயில் கொடை.

கலாவல்லி தேநீர் போட்டாள். அது ஆறி ஆடை கட்டுகிறவரை அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் அழவில்லை. ஒரு வரியில் நாலு வார்த்தையை மிச்சப்படுத்தியிருக்கிறாள் என்று தோன்றியது.

ஆணைய அறிக்கை இணையத்தில் இப்போது இல்லை. இரண்டு நாள் விடுப்புப் போட்டு ஆவணக் காப்பகத்துக்குப் போனாள். அறிக்கைக் கட்டை எடுத்துக்கொடுத்த ஊழியர் மேலும் கீழும் பார்த்தார்.

"இதக் கேட்டு யாரும் வந்ததில்லையேம்மா. நீங்க வழுதி ஆளா, எதிர் ஆளா?"

"பெரியாஸ்பத்திரி ஆளு."

"அதுதான் முகத்துல அவ்வளவு களைப்பா" என்று சொல்லிவிட்டு அவர் விளக்கைப் போட்டார்.

பக்கம் 212 இருந்தது. வாக்கியமும் இருந்தது. படம் எடுத்துக்கொண்டு வந்து, பேச்சுப் பக்கத்தில் போட்டாள். பேச்சுப் பக்கம் என்பது ஒரு கட்டுரையை எழுதுகிறவர்கள் தங்களுக்குள் வழக்காடிக்கொள்கிற இடம். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை; புனைபெயர்தான். "இந்தப் பிழையைச் செய்தது நான்" என்று எழுதி, பழைய வாக்கியத்தைத் திரும்பப் போட வேண்டும் என்று கேட்டாள்.

பத்து நிமிஷத்தில் வழுதிதாசன் வந்தார். "இத்தனை ஆண்டு இருந்த வரி இன்றைக்கு எதற்குப் பிழையாகிறது? தலைவர் மேல் மறுபடி சேறு பூசவா?"

அடுத்து உண்மைவிளம்பி. "நிறுவ முடியவில்லை என்று பூசி மெழுகுவானேன்? 'நினைவில்லை' என்றதே ஒப்புதல்தான். வழுதி உத்தரவிட்டார் என்று போடுங்கள்."

"சான்று?" என்று கேட்டாள் கலாவல்லி.

"ஊருக்கே தெரியும்!"

"ஊரு அச்சுல வந்திருக்கா?"

அப்புறம் நிர்வாகி வந்தார். அவர் பெயர் அரைப்படி. நல்ல மனுஷர், எதையும் கூடவும் அளக்க மாட்டார், குறையவும் அளக்க மாட்டார். "நாரைக்கால் அக்கா, சங்கடமான கேள்வி ஒன்று. அந்தப் பணியாளரை உங்களுக்கு நேரில் தெரியுமா?"

"தெரியும். அவருக்கு நான்தான் மாத்திரை கொடுக்கிறேன்."

"அப்படியானால் அந்த வரியை நீங்கள் தொடக் கூடாது. தெரிந்தவர்களைப் பற்றித் திருத்தக் கூடாது என்று விதி இருக்கிறது."

"தெரியும் தம்பி. அந்த விதியை எழுதினதே நான்தான்."

கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பத்தொன்பது நாள். அரைப்படி வாக்கியத்தைப் போடுவார், வழுதிதாசன் எடுப்பார், உண்மைவிளம்பி வேறொன்றைப் போடுவார். அந்தப் பத்தொன்பது நாளில் கோமு ஆறு தடவை சன்னலுக்கு வந்தாள். "ஆச்சா தாயி?" என்பாள். "இல்லக்கா" என்பாள் இவள். "கோர்ட்டே தேவல" என்று முணுமுணுத்துக்கொண்டு போவாள். இருபதாம் நாள் எல்லாரும் ஓய்ந்துபோனார்கள். அறிக்கையில் உள்ளபடி வாக்கியம் நின்றது: யாருடைய உத்தரவு என்பதை நிறுவ முடியவில்லை, தொலைபேசி உத்தரவு வந்ததாகப் பணியாளர் கூறினார், அரசு மறுத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மூவரும் மண்டபத்துக்குப் போனார்கள். ஆவுடையப்பனைச் சக்கர நாற்காலியில் உட்கார்த்தி வைத்திருந்தது. ஒரு காலத்தில் வாட்டசாட்டமாக இருந்திருப்பார். இப்போது சட்டைதான் பெரிசாகத் தெரிந்தது.

"வேண்டாம்னு சொல்லிக்கிட்டே வாராவ தாயி" என்றாள் கோமு. "நான்தான் தள்ளிக்கிட்டு வாரேன்."

"கேட்டு என்ன ஆவப்போவுது, கழுதை" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை.

ஆளுக்கு மூன்று கேள்விதான் கேட்கலாம் என்று காவலர் சொன்னார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வழுதியார் தோளில் துண்டோடு உட்கார்ந்திருந்தார். கோமு ஒரே கேள்விதான் கேட்டாள், முன்பு கேட்டதையே.

வழுதியார் கனைத்தார். "கருங்கால் அணையின் மதகுகள் யாருடைய உத்தரவின் பேரில் திறக்கப்பட்டன என்பதை ஆணையத்தால் நிறுவ முடியவில்லை."

"கேட்டியளா!" கோமு கணவரின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "நிறுவ முடியலியாம்! உங்க மேல தப்புன்னு நிறுவ முடியலன்னு அந்த மனுசன் வாயாலயே சொல்லிட்டாரு! நான் போயி ஊருல மாரியப்பனுக்குப் போனப் போட்டுச் சொல்லிட்டு வாரேன், இங்க செல்லு பேசக் கூடாதாம்." செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வாசலுக்கு ஓடினாள்.

ஆவுடையப்பன் அவள் போகிறதைப் பார்த்தார். பிறகு கண்ணாடிப் பக்கம் திரும்பினார்.

"ஐயா, என்னைத் தெரியுதா?"

"கருங்கால் அணையின் மதகுப் பணியாளர் ஆவுடையப்பன்" என்றார் வழுதியார். "உங்கள் பெயர் என் வாழ்க்கையில் மூன்று இடங்களில் வருகிறது."

"ஆணையத்துல போன் பண்ணீங்களான்னு கேட்டாங்கல்ல. ஏன்யா இல்லைன்னு சொல்லல?"

கலாவல்லி குனிந்து ஆவுடையப்பன் முகத்தைப் பார்த்தாள்.

"நினைவில்லை என்று பதிலளித்தேன். அது பரவலான விமர்சனத்துக்கு உள்ளானது. காரணம் குறித்து இரு கருத்துகள் உண்டு. பொறுப்பைத் தட்டிக்கழித்தேன் என்பது ஒன்று. அப்போது எனக்கு உடல்நலம் குன்றியிருந்தது என்பது மற்றொன்று."

"ரெண்டும் இல்ல. வேற இருக்கா?"

"வேறு கருத்து எதற்கும் சான்று இல்லை" என்று சொல்லிவிட்டு வழுதியார் புன்னகை செய்தார். புன்னகை மட்டும் அசல் மாதிரியே இருந்தது.

வெளியே வேப்ப மரத்தடியில் நாற்காலியை நிறுத்தினாள் கலாவல்லி. கோமு வாசல் பக்கம் நின்று கையை ஆட்டி ஆட்டி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள்.

"போனே வரல, தங்கச்சி" என்றார் ஆவுடையப்பன்.

"என்ன அண்ணாச்சி?"

"நான்தான் அடிச்சேன். காலையிலேருந்து பதினேழு தடவ. இஞ்சினீயருக்கு, டிவிசன் ஆபீசுக்கு, கலெக்டர் ஆபீசுக்கு. ஒருத்தனும் எடுக்கல. அன்னிக்கு ஏதோ பாலந் தொறப்பு விழா, எல்லாப் பயலும் அங்க. அணைச் செவுத்துல வெரல் மொத்தத்துக்கு வெடிப்பு ஓடுது. அது போச்சுன்னா நகரம் முழுக்கப் போயிரும். தொறந்தா ரெண்டு ஊரு. ஓடிப்போயிச் சொல்ல ஆளில்ல. நானே தொறந்தேன்." மூச்சு வாங்கினார். "சாயங்காலம் போலீசு வந்து யார்லே சொன்னதுன்னு கேட்டான். சீயெம்மு சொன்னாருன்னேன். அந்தப் பேரு ஏன் வாயில வந்துச்சுன்னு கேக்காத. அதுக்கு மேல வேற பேரு இல்லல்லா."

கலாவல்லி மரத்தின் வேரில் உட்கார்ந்தாள்.

"கூண்டுல நின்னுக்கிட்டு அவரு என்னையவே பார்த்தாரு. இல்லைன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா எனக்கு ஆயுசுக்கும் ஜெயிலு. அவருக்கு ஆட்சி தப்பிச்சிருக்கும். ரொம்ப நேரம் பார்த்துட்டு, நினைவில்லைன்னாரு. என்னையப் பார்த்துப் பாவப்பட்டாரா, போன எடுக்காத ஆபீசெல்லாம் தன்னோட ஆபீசுதானேன்னு நெனச்சாரா, எனக்குத் தெரியாது. ஒருதரம் போயிக் கேக்கணும்னு வருசா வருசம் நெனப்பேன். தைரியம் வரதுக்குள்ள செத்துட்டாரு. போன மாசம் 'உத்தரவின்றி'ன்னு அவரு கொரல்ல கேட்டப்போ, சரி, ஒருவழியாச் சொல்லிட்டாரு, பாரம் எறங்கிட்டு அவருக்குன்னு நெனச்சேன்."

அவள் தவறிச் சுருக்கிய வாக்கியம் நடந்ததைச் சொல்லியிருந்தது. பத்தொன்பது நாள் போராடிச் சான்றோடு வைத்த வாக்கியம் அதை மூடிவிட்டது.

"கோமுக்குத் தெரியாது" என்றார் அவர். "முப்பத்தோரு வருசமா எனக்காவ ஊரோட மல்லுக்கட்டுதா. தெரிஞ்சா நின்ன எடத்துலயே விழுந்துருவா. சொல்லிராத தாயி."

வியாழக்கிழமை கோமு சன்னலுக்கு வந்தாள். தலை நிறையப் பூ.

"ஊருல இருந்து வரி வாங்க வந்துட்டாங்க தாயி! மாரியப்பன் பய கைபேசிகிட்டக் கேட்டு எல்லாத்துக்கும் போட்டுக் காட்டிட்டான். நாட்டாமை வீட்டுக்கு வந்து மோர் குடிச்சுட்டுப் போறாரு. இவுக கட்டில்ல கெடந்துகிட்டு, 'இப்பத்தான் வழி தெரிஞ்சுதோ'ங்காவ."

"சந்தோஷம்க்கா" என்றாள் கலாவல்லி, அட்டையைக் கத்தரித்துக்கொண்டே. நிமிரவில்லை.

கோமு திரும்பிப் பார்த்தாள். பின்னால் வரிசையில் யாரும் இல்லை.

"அவுக உங்ககிட்டச் சொல்லிட்டாவளோ?"

"என்னத்தக்கா?"

"போன் வரலங்கத."

கத்தரிக்கோல் நின்றுவிட்டது.

"அன்னிக்கு மத்தியானம் சோறு கொண்டுட்டுப் போனது நான்தான தாயி. குடுத்துட்டுப் போயிட்டேன்னு அவுக நெனச்சாவ. மழை விடட்டும்னு இஞ்சின் ரூமுக்குப் பின்னால ஒதுங்கி நின்னேன். அவுக அடிக்காவ, அடிக்காவ, ஒருத்தனும் எடுக்கல. உள்ள ஒரு போன் மணியும் அடிக்கல. அப்புறம் சக்கரத்தத் திருகுதாவ. திருகும்போது அழுதாவ பாருங்க, அந்தச் சத்தத்துக்கு மழைச் சத்தம் காணாது."

"அப்புறம் எதுக்குக்கா இத்தன வருஷம்…"

"நாப்பத்திமூணு பேர ஒரு மனுசன் தனியா எப்படித் தாயி சொமப்பான்? மேல இருந்து ஒருத்தன் சொன்னான்னு இருந்தாத்தான் சோறு எறங்கும். நான் நம்புதேன்னு இருந்தாத்தான் அவுகளும் அப்பப்ப மறப்பாவ. அதுக்காவ சத்தம் போட்டு நம்புனேன்." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "எனக்குத் தெரியும்னு அவுகளுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாவ. சொல்லிராதீங்க. மாத்திரையக் குடுங்க, பஸ்ஸு போயிரும்."

கலாவல்லி கொடுத்தாள். எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று சொல்ல மறந்துவிட்டது. கோமுவுக்கு அது முன்பே தெரியும்.

அன்று மாலை பேச்சுப் பக்கத்தில் அரைப்படி எழுதியிருந்தார். வழுதியார் பக்கம் இப்போது யாரும் சண்டை போடாத நிலையில் இருக்கிறது. இதைவிட நல்ல நேரம் வராது. மறுபடியும் சிறப்புக் கட்டுரைக்கு நிறுத்துவோம். நாரைக்கால் அந்த ஒரு வரியைத்தான் தொடக் கூடாதே தவிர, வாக்குப் போடலாம். அவர் போடாமல் இந்தப் பக்கத்துக்கு யார் போடுவது?

அவளுக்கு முன்னால் எட்டுப் பேர் போட்டிருந்தார்கள். வழுதிதாசனும் போட்டிருந்தார், உண்மைவிளம்பியும் போட்டிருந்தார். இருவரும் ஒரே விஷயத்துக்கு ஆதரவு என்று எழுதியது அந்தக் களஞ்சியத்தில் அதுதான் முதல் தடவை.

படிவத்தில் மூன்று கேள்விகள். எல்லா வரிக்கும் சான்று உண்டா? ஆம். நடுநிலையாக இருக்கிறதா? ஆம். மூன்றாவது, உங்களுக்குத் தெரிந்தவரை இந்த நபரின் வாழ்க்கையில் முக்கியமான எதுவும் விடுபடவில்லை என்று உறுதி கூறுகிறீர்களா?

கலாவல்லி பக்கத்தை மேலிருந்து கீழ்வரை ஒருதரம் உருட்டினாள். நூலகங்கள் இருந்தன. எட்டு மாதம் உள்ளே இருந்த கார்ட்டூன்காரர் இருந்தார். தோற்ற தேர்தல் இருந்தது, அதற்கு நாலு அடிக்குறிப்பு. ஒரு மனுஷன் ஆயிரம் பேர் பார்க்க நின்றுகொண்டு, ஒரு சொல்லைச் சொல்லாமல் விட்டு, அதற்கு விலையாக எல்லாவற்றையும் கொடுத்தது மட்டும் பக்கத்தில் இல்லை. அதை எழுதினால் ஒரு லஸ்கர் கட்டிலில் கிடந்தபடியே மறுபடி ஊருக்குச் செத்துப்போவார். பூ வைத்துக்கொண்டு ஒரு பொம்பிளை பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறாள்.

தெரு விளக்கு எரிகிற நேரம் ஆயிற்று. படிவத்துக்குத் திரும்பி வந்தாள். பிறகு மூன்றாவதுக்கும் 'ஆம்' என்று போட்டுவிட்டு, கலாவல்லி முகம் கழுவப் போனாள்.